முதலில் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

படகு இன்ஜினின் கியர் ஆயில் திருகைக் கழற்றியதும் எவர்சில்வர் டம்ளரில் விழுந்தது ஆயில் மாதிரியே இல்லை. பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி இருந்தது. என் மாமனார் டம்ளரை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தண்ணி உள்ள போயிருச்சுங்களா மாப்ள?" என்றார். போய்த்தான் இருந்தது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சீல் தேய்ந்து, எத்தனை மாதமாகவோ தண்ணீர் ஏறி, கியர் பற்களில் துரு குழி விழுந்திருந்தது.

அது 2024 மே மாதம். மேட்டூர் அணை நிறைந்தால் 120 அடி. அப்போது 50 அடிப் பக்கம் இறங்கிக் கிடந்தது. அணை கட்டியபோது மூழ்கிப்போன பண்ணவாடிக் கோயிலின் நந்தி முழுசாக வெளியே நின்றது, சனம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மாமா கொளத்தூர்ப் பக்கத்துக்காரர், மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர். அவருடைய 16 அடி ஃபைபர் படகுக்கு அப்போதே இருபது வயதுக்கு மேல். வலை, ஐஸ் பெட்டி, நான்கு ஆட்கள், பின்னால் கயிற்றில் இரண்டு பரிசல். இத்தனையையும் இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் தினசரி வேலை. பின்னால் தொங்கியது 15 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும், படகுக்கு வெளியே மாட்டும் இன்ஜின்.

நான் சேலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் மாப்பிள்ளை மெக்கானிக் என்றால் இந்த மாதிரி வேலை தானாக வந்து சேரும். இரண்டு மாதம் இதற்காக சேலத்துக்கும் கொளத்தூருக்கும் அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றதைப் பழைய படகு வைத்திருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி, பழைய இன்ஜினைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்பது. கியர் மட்டும் போயிருந்தால் சரிசெய்திருப்பேன். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தேன். மேல் சிலிண்டர் 112 பி.எஸ்.ஐ., கீழ் சிலிண்டர் 74. இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே யோசிக்க வேண்டும். இங்கே மூன்றில் ஒரு பங்கு காணோம். பிஸ்டன், ரிங், போரிங், பேரிங், சீல், கியர் செட் என்று எழுதிக் கூட்டினால் நல்ல செகண்ட் ஹேண்ட் இன்ஜினின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதிலும் கியர் செட் எப்போது வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடியவில்லை. 1909-லிருந்து அவுட்போர்டு உலகில் இருந்த எவின்ரூட் கம்பெனியே 2020-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆக, இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்கும்போதே அதன் உதிரி பாகம் இன்னும் வருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

சரி, புதிது என்று முடிவானதும் கரையில் இருந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "இருவத்தஞ்சு போடுங்க." மாமாவுக்கும் அதே ஆசை. எதிர்க்காற்றில் பரிசலை இழுத்துவரும்போது படும் பாடு அவருக்குத்தானே தெரியும்.

தெரிந்தவர் ஒருவரிடம் 25 ஹெச்.பி. இன்ஜின் ஒன்று சும்மா கிடந்தது. ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டினோம். போனில் ஜி.பி.எஸ். போட்டுக்கொண்டேன். பழைய இன்ஜின் நன்றாக ஓடிய காலத்தில் முழு லோடில் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர் போகும். இருபத்தைந்தை முழுசாக முறுக்கியபோது பன்னிரண்டு. அவ்வளவுதான். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்தது, கடைசிப் பரிசலில் அலை ஏறி நனைந்தது. பெட்ரோல் டேங்க் இறங்கிய வேகத்தைப் பார்த்த மாமா ஒன்றும் பேசவில்லை.

இதற்குக் காரணம் இன்ஜின் இல்லை, படகின் அடி. லேசான, அடி தட்டையான படகு வேகம் எடுத்தால் தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு ஹெச்.பி. கூட்டினால் வேகம் கூடும். உருண்ட அடி, கனமான உடம்பு, நிறைய லோடு என்று இருக்கும் படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். அதற்கு ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் கிடைக்கும். எங்கள் படகுக்குத் தண்ணீர்மட்டத்தில் 15 அடி. கணக்குப் போட்டால் 5.2 நாட், அதாவது மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர் சொச்சம். பழைய 15 ஹெச்.பி. கொடுத்த அதே வேகம்! அதற்கு மேல் போகச் சொன்னால் படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற முயற்சி செய்கிறது. போடுகிற பெட்ரோல் எல்லாம் அந்த மேட்டில் கரைகிறது.

அந்த ஒரு நாள் இரவல் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அந்த இன்ஜின் லாங் ஷாஃப்ட், தண்ணீருக்குள் இறங்கும் கால் நீளமானது. எங்கள் படகின் பின்பலகை, அதாவது இன்ஜினை மாட்டும் பலகை, மேல் விளிம்பிலிருந்து அடி வரை பதினைந்தரை அங்குலம். ஷார்ட் ஷாஃப்ட் என்றால் 15 அங்குலம், லாங் என்றால் 20. இன்ஜின் காலில் புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். எங்களுக்கு நாலரை அங்குலம் கீழே தொங்கியது. சும்மா தண்ணீரை இழுத்துக்கொண்டு வருவது ஒருபக்கம், நீர் இறங்கிய காலத்தில் பழைய ஊரின் கல்லும் மரக்கட்டையும் மேலே வந்துவிடும் மேட்டூரில் அந்த நாலரை அங்குலம் ஆபத்து. திரும்பி வரும்போது 'டங்' என்று ஒரு சத்தம். நல்லவேளை, இன்ஜின் காலின் அடியில் துடுப்பு மாதிரி நீண்டிருக்கும் தகட்டின் முனையில் ஒரு கீறலோடு போயிற்று. ஷாஃப்ட் நீளத்தை எப்போதும் டேப் வைத்து அளந்துவிட்டுக் கேளுங்கள். தரகர் சொல்லும் 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

இரவல் இன்ஜினைக் கழற்றியபோதுதான் நான் பயந்துபோனேன். பின்பலகையின் மூலையில் மயிரிழைபோல ஒரு விரிசல். அதில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் பலகை முழுக்கத் தட்டினேன். ஓரங்களில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம். நடுவில், கிளாம்ப் உட்காரும் இடத்துக்குக் கீழே, 'தொப் தொப்'. ஈர மண்ணைத் தட்டுவதுபோல. உள்பக்கமாகச் சின்னதாக ஒரு துளை போட்டேன். டிரில் பிட்டில் சுற்றி வந்தது மரத்தூள் இல்லை, காப்பிப் பொடி டிகாஷனில் ஊறியதுபோல ஒரு கறுத்த மாவு. மாமா அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இத்தன நாளு இது மேலயா நாங்க போயிட்டு வந்தோம்?" என்று கேட்டார்.

ஃபைபர் படகின் பின்பலகை முழுக்க ஃபைபர் இல்லை. உள்ளே பிளைவுட், வெளியே ஃபைபர் போர்வை. இன்ஜின் போல்ட் துளையில் பூசிய பசை காய்ந்து விட்டுப்போனால் தண்ணீர் அந்த வழியாக இறங்கும், வருஷக்கணக்கில் உள்ளேயே நிற்கும், மரம் மக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். இதைப் பார்க்காமல் புது இன்ஜினை மாட்டியிருந்தால் இன்ஜின் பலகையோடு பிய்ந்து அணைக்குள் போயிருக்கும். படகில் ஆட்கள் இருக்கும்போது.

அதனால் இன்ஜின் கடைக்குப் போகும் முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். எங்களுக்கு அந்த வேலைக்கே பதினாறு நாள் ஆயிற்று. படகு வண்டல் மேல் கிடந்ததால் வசதியாகப் போயிற்று. உள்பக்க ஃபைபரை வெட்டி எடுத்து, மக்கியதைச் சுரண்டி, நான்கு நாள் வெயிலில் காயவிட்டோம். மேட்டூர் மே மாத வெயில் இதற்கென்றே செய்தது. பிறகு மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு, விளிம்பெல்லாம் எபாக்ஸி பசை குடிக்கவைத்து ஒட்டி, மேலே ஃபைபர் மேட் நான்கு சுற்று. சாதாரண பிளைவுட் போடலாமே, விலை குறைவு என்று ஒருவர் சொன்னார். போடாதீர்கள். மிச்சமாகும் பணம் ஒரு மீன் பெட்டிக்குக்கூடப் போதாது.

அப்புறம்தான் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற பேச்சு.

டூ ஸ்ட்ரோக்கின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. 15 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் ஏறக்குறைய 36 முதல் 40 கிலோ. அதே சக்தியில் கார்புரேட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தாண்டும். இந்த வித்தியாசம் கடற்கரையில் பெரிதாகத் தெரியாது. மேட்டூரில் தெரியும். கோடையில் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, படகு நிற்கும் இடத்திலிருந்து இன்ஜினைப் பூட்டி வைக்கும் கொட்டகைக்கு அறுநூறு எழுநூறு தப்படி நடக்க வேண்டும். ராத்திரி படகிலேயே விட்டுவிட்டு வர முடியாது. பழைய இன்ஜினை மாமா ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார். அவருக்கு அப்போது வயது 58. டூ ஸ்ட்ரோக்கில் ரிப்பேர் வேலையும் சுலபம். சேலத்தில் ஆர்.எக்ஸ். 100 பைக்கைப் பிரித்துக் கோத்த கைகளுக்கு அது விளையாட்டு.

என்னை ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் தள்ளியது தண்ணீர். பழைய மாதிரி கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும், கூடவே கலந்த ஆயிலும். அவுட்போர்டில் புகைக்குழாய் திறப்பது தண்ணீருக்குள். காலையில் இன்ஜினைத் தட்டியதும் படகைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு படலம் விரியும். பதினைந்து வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. அன்றைக்கு டம்ளரோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. சேலத்தில் என் வீட்டுக் குழாயில் வருவது இந்தத் தண்ணீர். என் பிள்ளைகள் குடிப்பது இது. மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீனும் அதத்தானுங்களே குடிக்குது" என்றார். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

எடைக்கு வழி கண்டுபிடித்தோம். வாங்கும் முன்பே ஒரு சோதனை செய்தேன், இதை யாரும் செய்யலாம். பழைய இன்ஜினைப் பலகையில் மாட்டி, அதை ஒட்டிப் படகுக்குள் அரைச் சிப்பம் அரிசியைக் கட்டி வைத்தோம், 13 கிலோ. ஆட்களை ஏற்றி, வலையை ஏற்றி, தண்ணீரில் விட்டுப் பின்விளிம்பு எவ்வளவு இறங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டோம். ஒரு விரற்கடை இறங்கியது. ஐஸ் பெட்டியை இரண்டடி முன்னால் நகர்த்தினோம், சமமாகிவிட்டது. கரையில் தூக்குவதற்குப் பட்டறையில் ஒரு தள்ளுவண்டி செய்தேன். முதலில் சைக்கிள் சக்கரம் போட்டேன், வண்டலில் புதைந்தது. பழைய ஸ்கூட்டர் சக்கரம் போட்டதும் சரியாகிவிட்டது. இப்போது மாமா அதைத் தள்ளிக்கொண்டே போகிறார், அவருடைய தோள் வலியும் குறைந்திருக்கிறது.

பேட்டரி மோட்டார் பற்றியும் பார்த்தேன், ஆசையாகவே பார்த்தேன். 15 ஹெச்.பி. என்றால் 11 கிலோவாட். 48 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது 4.8 யூனிட். முழு முறுக்கில் அரை மணி நேரம்கூட வராது. மெதுவாகப் போனால் கூடுதலாக வரும், ஆனால் பரிசலை இழுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் அணைக்கு நடுவில் நிற்கும்போது மெதுவாக என்ற பேச்சு இல்லை. எங்களுக்கு ஒத்துவரவில்லை.

ஆனால் அதையே ஏற்காட்டில் ஒருவருக்குச் சிபாரிசு செய்தேன். அங்கே ஒரு காப்பித் தோட்டத்துக் குளத்தில் சின்னப் படகு ஒன்று. கீழே நன்றாக ஓடிய 5 ஹெச்.பி. இன்ஜின் மேலே போனதும் இருமுகிறது, கறுப்பாகப் புகைகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். இன்ஜினில் குறை இல்லை. காற்றில்தான். ஆயிரம் அடி ஏறினால் சாதாரண இன்ஜின் மூன்று சதவீத சக்தியை இழக்கும். ஏற்காடு ஐயாயிரம் அடிக்குப் பக்கம். ஆக பதினைந்து சதவீதம் போய்விடுகிறது. காற்று மெலிந்து, பெட்ரோல் மட்டும் அதே அளவு வருவதால் புகை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை, அதாவது ஜெட்டை, சின்னதாகப் போட்டால் புகை நிற்கும், சக்தி திரும்ப வராது. பேட்டரி மோட்டாருக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான். குளத்தைச் சுற்றிவரப் பத்து நிமிஷம், சார்ஜ் போட வீடு பக்கத்தில். அந்த இடத்துக்கு அதுதான் சரி.

எங்கள் கதைக்கு வருகிறேன். 9.9 ஹெச்.பி.யா, 15-ஆ என்பதுதான் கடைசியில் மிஞ்சிய கேள்வி. வேகத்துக்கு 9.9 போதும் என்று கணக்கு சொன்னது. ஆடிக் காற்றில் இழுப்பதற்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்று மாமா சொன்னார், அது நியாயம். 15 எடுத்தோம். ஷார்ட் ஷாஃப்ட், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, கார்புரேட்டர் மாடல். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மாடல் எடை குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் கோளாறு வந்தால் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கும் ஆள் சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வர வேண்டும். கார்புரேட்டரை நானே கழுவிவிடுவேன். பிராண்டை விட இதைத்தான் பார்க்கச் சொல்வேன்: உங்கள் ஊரில் யார் கை வைப்பார்கள், எத்தனை நாளில் பாகம் வரும்.

இன்ஜினோடு வந்த புரொப்பெல்லரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதில் பிட்ச் என்று ஓர் எண் இருக்கும், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதற்கான கணக்கு. கம்பெனி கொடுத்தது 10. லேசான, வேகமான படகுக்கு அது சரி. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றுகிறது என்று காட்டும், பிளக் ஒயரில் சுற்றி வைக்கும் சின்ன டாக்கோமீட்டர் வாங்கிப் பார்த்தேன். முழு லோடில், முழு முறுக்கில் 4,650 ஆர்.பி.எம். கையேட்டில் இருப்பது 5,000 முதல் 6,000. மேட்டில் டாப் கியரில் ஏறும் லாரி மாதிரி இன்ஜின் திணறிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டினால் சத்தம் குறைவாகத்தான் இருக்கும், உள்ளே பேரிங் அடிவாங்கும். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 வரை ஆர்.பி.எம். ஏறும். 8 பிட்ச் போட்டோம், 5,050-க்கு வந்தது. பரிசல் இரண்டையும் இழுக்கும்போது இருந்த அந்த முனகல் நின்றது. இன்ஜினுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டு, இந்தச் சின்ன மாற்றத்தில்தான் மாமா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

மாட்டும்போது கிளாம்பை மட்டும் நம்பவில்லை. பின்பலகையை ஊடுருவி ஸ்டெயின்லெஸ் போல்ட், துளைக்குள் பாலியூரித்தேன் பசை, அதோடு ஒரு சங்கிலி. தினமும் கழற்ற வேண்டியிருக்கிறதே என்று போல்ட்டுக்குச் சிறகு நட் போட்டிருக்கிறோம். ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கண்டபடி படுக்க வைக்கக் கூடாது. எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்று உடம்பிலேயே ஒட்டியிருப்பார்கள். மாற்றிப் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். தள்ளுவண்டியில் அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டேன். முதல் பத்து மணி நேரம் முழு முறுக்கு இல்லை, இருபதாவது மணி நேரத்தில் முதல் ஆயில் மாற்றம், பிறகு நூறு மணிக்கு ஒருமுறை.

பெட்ரோல் விஷயத்தில் கவனமாக இருங்கள். இப்போது பங்க்குகளில் வருவது இ20, இருபது சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். தண்ணீருக்கு நடுவே, பாதி காலியான டேங்க்கில் வாரக்கணக்கில் நின்றால் தண்ணீர் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும், டியூப் எடுப்பதும் அடியிலிருந்துதான். அவுட்போர்டு கையேடுகள் பலவும் பத்து சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே சொல்கின்றன, நமக்கு வேறு வழி இல்லை. அதனால் டேங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று, பழைய ரப்பர் டியூபைத் தூக்கிப்போட்டுவிட்டு எத்தனால் தாங்கும் டியூப், இரண்டு நாளைக்கு மேல் படகு நின்றால் பெட்ரோல் டியூபைக் கழற்றிவிட்டு இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுவது. இந்த மூன்றும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஜூலை 30-ம் தேதி அணை 120 அடியைத் தொட்டது. நந்தி மறுபடி தண்ணீருக்குள் போயிற்று. படகு கொட்டகைக்குப் பக்கத்திலேயே நின்றது, தள்ளுவண்டிக்கு வேலையே இல்லை. பழைய இன்ஜினில் ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர் பிடித்த அதே ஓட்டத்துக்கு இப்போது ஐந்தரை. மாமா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் தீராதது பாசி. தண்ணீர் பச்சையாகத் திரளும் மாதங்களில் குளிர்விக்கும் தண்ணீர் இழுக்கும் சல்லடை அடைத்துக்கொள்கிறது. இன்ஜினின் பக்கவாட்டில் ஒன்றுக்குப் போவதுபோல ஒரு தாரை வரும், அது மெலிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். போன மாதம் அது மெலிந்தபோது சல்லடை சுத்தமாகத்தான் இருந்தது, உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இரண்டு இதழ் மடங்கியிருந்தது. ஒன்று மாற்றியாயிற்று. படகில் வைக்க இன்னொன்று சென்னையிலிருந்து பார்சலில் வருகிறது, நாளைக்கு சேலத்தில் போய் எடுக்க வேண்டும்.